நோட்டின் பின்பக்கம்: கான்ஃபெடரேட் நூறு டாலர் தாள்களை முத்திரையும் கையெழுத்தும் வைத்துச் சேகரிப்பது

ரயில் படம் போட்ட 100 டாலர் கான்ஃபெடரேட் நோட்டு, அதாவது அமெரிக்க உள்நாட்டுப் போரில் பிரிந்துபோன தென் மாநிலங்களின் அரசு வெளியிட்ட நோட்டு ஒன்று கைக்கு வந்திருக்கிறது. அச்சே இல்லாத அதன் பின்பக்கத்தில் பழுப்பேறிய மையில் இரண்டு வரி எழுத்தும், ஊர்ப் பெயரோடு இரண்டு முத்திரைகளும் இருக்கின்றன. இவை நோட்டைக் கெடுத்த கிறுக்கலா, மதிப்புக் கூட்டுபவையா, இவற்றை வைத்தே ஒரு சேகரிப்பை உருவாக்க முடியுமா என்பது கேள்வி.

கிறுக்கல் இல்லை. அந்த நோட்டு எந்த நாளில், யார் கையிலிருந்து வெளியே போனது, எந்த ஊரில் வட்டி வாங்கியது என்பதற்கான அலுவலகப் பதிவு அது. முன்பக்கம் லட்சக்கணக்கில் ஒரே மாதிரி அச்சானது. பின்பக்கம் அப்படியில்லை, ஒவ்வொன்றும் தனி. இந்தத் துறையில் சேகரிப்பவர் முதலில் பின்பக்கத்தைப் பார்த்துவிட்டுத்தான் முன்பக்கத்துக்கு வர வேண்டும்.

அந்தக் கான்ஃபெடரேட் அரசு 1862 ஏப்ரல் 17 சட்டப்படி வட்டி தரும் 100 டாலர் நோட்டுகளை வெளியிட்டது. ஒரு நாளைக்கு இரண்டு சென்ட் வட்டி. ஆண்டுக்கு 7 டாலர் 30 சென்ட் வருவதால் இவற்றுக்கு ‘ஏழு-முப்பது’ என்றே பெயர். சேகரிப்பாளர் எல்லோரும் பயன்படுத்தும் கிரிஸ்வெல் வகை எண்களில் இவை டி-39, டி-40, டி-41. முதல் இரண்டிலும் நடுவில் ரயில், இடப்பக்கம் பால்காரப் பெண். எஞ்சினிலிருந்து நீராவி நேர்க்கோடாகப் பின்னால் போனால் டி-39, கலைந்து பரவினால் டி-40. டி-41 தென் கரோலினாவின் கொலம்பியா நகரில் கீட்டிங் அண்ட் பால் நிறுவனம் அச்சிட்டது. நடுவில் அடிமைகள் பருத்திக் காட்டில் களை கொத்தும் படம், இடப்பக்கம் அடிமைமுறையை ஆதரித்த தென் கரோலினா அரசியல்வாதி கால்ஹூன் உருவம், மேலே செம்மஞ்சள் நிறத்தில் ‘ஹண்ட்ரட்’ என்ற மேலச்சு. மூன்றுக்கும் பின்பக்கம் வெறும் தாள். எழுத இடம் இருந்ததால்தான் இவ்வளவு எழுத்து நமக்குக் கிடைத்திருக்கிறது.

டி-41-ஐ ‘அழகான படம்’ என்று மட்டும் விவரித்து விற்பவர்கள் உண்டு. அந்தப் படத்தில் இருப்பவர்கள் விலைக்கு வாங்கப்பட்ட மனிதர்கள். அந்த அரசு தன் கடனுக்கு எதைப் பிணையாக நினைத்தது என்பதை நோட்டே சொல்கிறது. விவரக் குறிப்பு எழுதும்போது அதை ஒளிக்காமல் எழுதுவதுதான் சரி.

ஏன் கையால் எழுதினார்கள் என்பதற்கு வருவோம். முன்பக்கத்தில் வரிசை எண், தேதி, பதிவாளருக்காக ஒரு கையொப்பம், கருவூலருக்காக ஒரு கையொப்பம் எல்லாமே பேனாவால் போட்டவை. அந்தத் தேதி தலைநகர் ரிச்மண்டில் கருவூல எழுத்தர் போட்டது. ஆனால் நோட்டு அன்றே மக்கள் கைக்குப் போய்விடவில்லை. கட்டாகக் கட்டி மாநிலங்களில் இருந்த கருவூல டெபாசிட்டரிகளுக்கும் (அரசுப் பணத்தை வைத்துக் கொடுக்கும் அலுவலகங்கள்), படைகளின் குவார்ட்டர்மாஸ்டர்களுக்கும் (சம்பளமும் தளவாடமும் பார்ப்பவர்கள்) கமிசரிகளுக்கும் (உணவுப் பொருள் பார்ப்பவர்கள்) போனது. அவர்கள் பெட்டியில் வாரக்கணக்கில், மாதக்கணக்கில் கிடந்தது. அரசின் பெட்டியில் கிடந்த நாளுக்கு அரசு வட்டி தருவதில் பொருள் இல்லை. ஆகவே நோட்டை உண்மையில் யாருக்காவது கொடுக்கும் நாளில், கொடுக்கும் அதிகாரி பின்னால் ‘இஷ்யூட்’ (வெளியிடப்பட்டது) என்று எழுதி, தேதி போட்டு, பெயரும் பதவியும் எழுத வேண்டும். வட்டி அந்த நாளிலிருந்து ஓடும்.

ஒரு கணக்கு போட்டுப் பாருங்கள். முன்பக்கத் தேதி 1862 செப்டம்பர் 15, பின்பக்க இஷ்யூ தேதி நவம்பர் 10 என்று வையுங்கள். 1863 ஜனவரி 1 வரை முன்தேதிப்படி 108 நாள், 2 டாலர் 16 சென்ட். இஷ்யூ தேதிப்படி 52 நாள், 1 டாலர் 4 சென்ட். ஒரு நோட்டில் அரசுக்கு மிச்சம் 1 டாலர் 12 சென்ட். கட்டுக்கட்டாகப் பெருக்கினால் அந்த ஒரு வரி எழுத்து ஏன் கட்டாயமானது என்று விளங்கும். இதே கணக்கைத் தலைகீழாகவும் பயன்படுத்தலாம். நோட்டை வைத்திருந்தவர்கள் பின்னால் பென்சிலில் வட்டிக் கணக்கு போட்டிருப்பார்கள். இஷ்யூ தேதி மங்கிப்போய், ‘1.04’ என்ற பென்சில் எண் மட்டும் தெரிந்தால், இரண்டால் வகுத்து 52 நாள், ஜனவரி 1-லிருந்து பின்னோக்கி எண்ணி நவம்பர் 10 என்று பிடித்துவிடலாம். ‘8.34’ என்று இருந்தால் அதோடு 1863-ஆம் ஆண்டின் 7.30 சேர்ந்திருக்கிறது. அந்தப் பென்சில் எழுத்தை ரப்பர் வைத்து அழித்து ‘சுத்தம்’ செய்த நோட்டுகள் சந்தையில் ஏராளம். போனது போனதுதான்.

முத்திரைகள் வேறு வேலை செய்தவை. வட்டி ஆண்டுக்கொரு முறை ஜனவரி 1 கணக்கில் டெபாசிட்டரிகளில் கொடுக்கப்பட்டது. கொடுத்ததும், இன்ன ஆண்டு ஜனவரி 1 வரை இன்ன ஊரில் வட்டி தரப்பட்டது என்று பின்னால் முத்திரை குத்தினார்கள். முத்திரை இல்லாத ஊரில் அதையே கையால் எழுதினார்கள். ரிச்மண்ட், சார்ல்ஸ்டன், சவான்னா, அகஸ்டா, மோபீல், மாண்ட்கமரி, ராலி போன்ற ஊர்களின் முத்திரைகள் அடிக்கடி கண்ணில் படும். உள்நாட்டுச் சிறு ஊர்களும், மிசிசிப்பி ஆற்றுக்கு மேற்கே டெக்சஸ் போன்ற பகுதிகளும் குறைவு. 1863, 1864 ஆண்டு முத்திரைகள் சாதாரணம். 1865 முத்திரை அரிது, ஏனென்றால் அந்த ஆண்டு பிறந்தபோது அரசே சரிந்துகொண்டிருந்தது.

இங்கே ஒரு நுட்பத்தை மறக்கக் கூடாது. ‘1863 ஜனவரி 1 வரை’ என்பது வட்டி எதுவரை கணக்கிடப்பட்டது என்பதைத்தான் சொல்கிறது. முத்திரை குத்தியது அதே நாளில் என்று பொருள் இல்லை. பிப்ரவரியிலோ மே மாதத்திலோ கூட வந்து வாங்கியிருக்கலாம். ‘ஜனவரி 1 அன்று இந்த நோட்டு அகஸ்டாவில் இருந்தது’ என்று விவரக் குறிப்பில் எழுதுவது அதனால் தவறு.

இந்தத் தேதிகளை எல்லாம் ஒன்றோடொன்று மோதவிட்டுப் பார்ப்பதுதான் இந்தச் சேகரிப்பின் உயிர். முன்பக்கத் தேதிக்கு முந்திய இஷ்யூ தேதி இருக்க முடியாது. இருந்தால் படித்தது தவறு, அல்லது எழுத்து போலி. 1863 மார்ச்சில் முதன்முதலாக வெளியான நோட்டில் 1863 ஜனவரி வட்டி முத்திரை வர வழியில்லை. வரிக்காகவோ வேறு பாக்கிக்காகவோ அரசிடம் திரும்பிவந்து மறுபடி வெளியே போன நோட்டு மட்டும் விதிவிலக்கு. அதில் ‘ரீ-இஷ்யூட்’ என்றோ இரண்டாவது தேதி என்றோ தடயம் தேடுங்கள். டி-41-இல் முன்பக்கத் தேதிகள் 1862 ஆகஸ்ட் கடைசியிலிருந்து 1863 ஜனவரித் தொடக்கம் வரை மட்டுமே ஓடுகின்றன. அதற்கு வெளியே ஒரு தேதி ‘படிக்கப்பட்டால்’ திரும்பப் படியுங்கள்.

போரின் நாட்காட்டியையும் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள். நியூ ஆர்லியன்ஸ் 1862 ஏப்ரல் கடைசியிலேயே வடக்குப் படையிடம் விழுந்துவிட்டது. மெம்பிஸ் அதே ஆண்டு ஜூன் 6. ஏழு-முப்பது நோட்டுக்கு நியூ ஆர்லியன்ஸ் வட்டி முத்திரை என்று யாராவது காட்டினால் அங்கேயே நின்றுவிடுங்கள். விக்ஸ்பர்க் 1863 ஜூலை 4, நாக்ஸ்வில் அதே செப்டம்பர், அட்லாண்டா 1864 செப்டம்பர் 2, சவான்னா 1864 டிசம்பர் 21. நாக்ஸ்வில்லின் 1863 முத்திரை இயல்பானது, 1864 முத்திரை சந்தேகத்துக்குரியது. சவான்னாவின் 1865 முத்திரையும் அப்படியே. ஊர் விழுந்தபின் அலுவலர்கள் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வேறு ஊருக்குப் போயிருக்கலாம் என்பதால் இதைத் தீர்ப்பாகச் சொல்லாதீர்கள். கூடுதல் சான்று கேட்பதற்கான காரணமாக மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.

அடுத்து, எழுதியவர் யார்? பெயருக்குப் பின்னால் வரும் சுருக்கெழுத்தில் பாதி விடை இருக்கிறது. ‘கேப்ட் அண்ட் ஏ.க்யூ.எம்.’ என்றால் துணைக் குவார்ட்டர்மாஸ்டர் கேப்டன். பொதுவாக ஒரு ரெஜிமெண்டுக்கோ ஒரு முகாமுக்கோ உரியவர். ‘மேஜ் அண்ட் க்யூ.எம்.’ என்றால் பெரும்பாலும் பிரிகேட் அல்லது அதற்கு மேல். ஏ.சி.எஸ். என்பது துணைக் கமிசரி, அதாவது படையின் உணவுப் பொருள் அதிகாரி. ‘மேஜர்’ என்பதற்குப் பின் வரும் சி.எஸ். கமிசரியைக் குறிக்கும், ‘கான்ஃபெடரேட் ஸ்டேட்ஸ்’ என்ற நாட்டின் பெயரை அல்ல. இதில் சறுக்காதவர் குறைவு. பி.ஏ.சி.எஸ். என்றால் கான்ஃபெடரேட் தற்காலிகப் படை. படைத்தளவாட அதிகாரி, கடற்படைச் சம்பள அதிகாரி, டெபாசிட்டரி ஆகியோரும் வருவார்கள். குவார்ட்டர்மாஸ்டர் பெயர்களே அதிகம் கிடைக்கும், ஏனென்றால் அந்தப் படையில் சம்பளம் கொடுப்பது, குதிரை, வண்டி, தீவனம், உடை வாங்குவது எல்லாம் அவர்கள் வேலை.

இந்த நோட்டு சாதாரணச் சிப்பாய் கையில் அதிகம் புழங்கியிருக்காது. காலாட்படைச் சிப்பாயின் மாதச் சம்பளம் அப்போது 11 டாலர். நூறு டாலர் என்றால் ஒன்பது மாதத்துக்கும் மேலான கூலி. கேப்டனுக்கு 130, கர்னலுக்கு 195. ஆகவே இஷ்யூ செய்யப்பட்ட நோட்டைப் பெற்றவர் பெரும்பாலும் ஓர் அதிகாரி, அல்லது சோளமும் கோவேறு கழுதையும் விற்ற பண்ணையார், துணி கொடுத்த ஒப்பந்தக்காரர். கோட்டை வேலைக்கு அடிமைகளை வாடகைக்கு அனுப்பி, அவர்கள் உழைப்புக்கான கூலியைத் தான் வாங்கிக்கொண்ட உடைமையாளராகவும் இருக்கலாம். அந்தச் சம்பளப் பட்டியல்கள் அமெரிக்கத் தேசிய ஆவணக் காப்பகத்தில் பதிவுத்தொகுதி 109-இல் இன்றும் இருக்கின்றன.

அதே தொகுதிதான் உங்கள் முதன்மைக் கருவி. எம்331 என்ற நுண்படத் தொடர் தளபதிகள், பணிநிலை அதிகாரிகளின் சேவைப் பதிவுகள். குவார்ட்டர்மாஸ்டரும் கமிசரியும் இங்கே கிடைப்பார்கள். ரெஜிமெண்டைச் சேர்ந்தவர் என்றால் அந்தந்த மாநிலத்தின் தொடரிலும் தேடுங்கள். எம்346 என்பது படைக்குப் பொருள் கொடுத்த குடிமக்கள், நிறுவனங்களின் தாள்கள். இவை எண்முறையாக்கப்பட்டு ஃபோல்ட்3 போன்ற தளங்களில் கிடைக்கின்றன. ஓர் அதிகாரியின் கோப்பைத் திறந்தால் அவர் கையெழுத்திட்ட ரசீதுகளும் வவுச்சர்களும் வரும். நோட்டில் உள்ள கையெழுத்தை அவற்றோடு வைத்துப் பார்க்கும் அந்த ஒப்பீடே உண்மையான அடையாளம். பெயர் மட்டும் ஒத்துப்போனால் போதாது; ஒரே பெயரில் இரண்டு, மூன்று அதிகாரிகள் இருப்பது சாதாரணம். பெரிய எழுத்துகளின் வளைவு, பெயருக்கடியில் போடும் சுழி, பதவியைச் சுருக்கும் விதம் மூன்றும் பொருந்த வேண்டும். பிறகு, அந்தத் தேதியில் அவருடைய படைப்பிரிவு எங்கே இருந்தது என்று போர்ப் பதிவுகளில் பாருங்கள். 1862 டிசம்பர் இறுதியில் டென்னசி படை மர்ஃப்ரீஸ்பரோவில், தளபதி லீயின் படை ஃப்ரெடரிக்ஸ்பர்க்கில். தேதியும் படையும் கிடைத்தால் நோட்டு வெளியான இடத்தை ஓரளவு நெருங்கிவிடலாம். குறிப்பிட்ட வவுச்சரையும் குறிப்பிட்ட நோட்டையும் இணைக்க ஆசை வரும். வவுச்சரில் தொகைதான் இருக்கும், நோட்டின் எண் எழுதப்படுவதில்லை. ஆகவே அந்த இணைப்பை உறுதியாகச் சொல்லாதீர்கள்.

முன்பக்கத்தைச் சரிபார்க்க, 1880-இல் ரஃபேல் தியான் தொகுத்த கான்ஃபெடரேட் கடன் பதிவேடு உதவும். எந்த வரிசை எண்களில் எந்த எழுத்தர்கள் கையொப்பம் இட்டார்கள் என்பது அதில் இருக்கிறது. எண்ணும் கையொப்பமும் ஒத்துப்போகாவிட்டால் பின்பக்கத்துக்குப் போகவே வேண்டாம்.

எழுத்தைப் படிக்கும்போது வழக்கமாகச் சறுக்கும் இடங்கள் சில உண்டு. ஜனவரியை ‘ஜன்’ என்று எழுதி, கடைசி எழுத்தை மேலே சிறிதாகப் போடுவார்கள். அந்தச் சிறு எழுத்தைக் கவனிக்காவிட்டால் ஜூன் என்று படித்துவிடுவோம். நவம்பர், டிசம்பருக்கும் கடைசி ‘ஆர்’ மேலே ஏறும். ஆங்கில இரட்டை ‘எஸ்’ வரும் இடத்தில் முதல் எழுத்து நீண்டு ‘எஃப்’ மாதிரி நிற்கும். மிசிசிப்பியைச் சுருக்கும்போது இது அடிக்கடி வரும். பெரிய எழுத்து ‘ஐ’யும் ‘ஜே’யும் பல கைகளில் ஒன்றே. பெயரின் முதலெழுத்து பிடிபடாவிட்டால் அதே கை எழுதிய ‘இஷ்யூட்’ என்ற சொல்லின் முதலெழுத்தைப் பாருங்கள். அது நிச்சயம் ‘ஐ’ என்று தெரியும். பெயரில் இருப்பது அதே வடிவமா என்று ஒப்பிடலாம்.

மங்கிய எழுத்துக்கு வேதிப்பொருள் தேட வேண்டாம், ஸ்கேனர் போதும். இரு பக்கமும் 600 டிபிஐ-இல், வண்ணத்தில் எடுங்கள். ஜிம்ப் போன்ற செயலியில் சிவப்பு, பச்சை, நீலம் என்று மூன்று அடுக்காகப் பிரியுங்கள். பழுப்பு மை நீல ஒளியை உறிஞ்சுவதால் நீல அடுக்கில் கறுத்துத் தெரியும். சிவப்பு முத்திரை எழுத்தை மறைத்திருந்தால் சிவப்பு அடுக்கைப் பாருங்கள். முத்திரை காணாமல் போய் எழுத்து மட்டும் நிற்கும். பென்சில் எழுத்துக்குப் பக்கவாட்டில் தாழ்வாக ஒரு விளக்கை வைத்துப் படமெடுங்கள். அழித்த இடத்திலும் பென்சில் அழுத்திய பள்ளம் நிழலாகத் தெரியும்.

போலிகளைப் பற்றி நிதானமாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் இங்கே இரண்டு அடுக்குகள் இருக்கின்றன. முதலாவது, நோட்டே நகல். பிலடெல்பியாவில் சாமுவேல் அப்ஹம் போர் நடக்கும்போதே நினைவுப்பொருளாக நகல் அச்சிட்டு விற்றார். இருபதாம் நூற்றாண்டில் மஞ்சள் நிற, மொறமொறப்பான தாளில் லட்சக்கணக்கில் நகல் வந்தது. அவற்றைப் பிடிப்பது எளிது. முன்பக்கத்தின் எண்ணும் கையொப்பமும் அச்சான அதே மையில், அதே நிறத்தில் இருக்கும். பேனா அழுத்திய ஏற்ற இறக்கம் இருக்காது, ஒரே எண் பல நோட்டுகளில் திரும்ப வரும். 10 மடங்கு லென்ஸ் போதும்.

இரண்டாவது அடுக்குதான் ஆபத்தானது. நோட்டு உண்மை, பின்னால் எழுதிய எண்டார்ஸ்மென்ட் இன்றையது. எழுத்தில்லாத டி-41 மலிவாகக் கிடைக்கிறது. அதில் ஒரு பெயரை ஏற்றிவிட்டால் விலை பல மடங்கு. மிகப் புகழ்பெற்ற தளபதியின் பெயர் இருந்தால் அதுவே முதல் எச்சரிக்கை. பணம் பட்டுவாடா செய்தது குவார்ட்டர்மாஸ்டர்கள். படைத்தளபதி உட்கார்ந்து நூறு டாலர் நோட்டுகளில் கையெழுத்திட்டுக்கொண்டிருக்கவில்லை.

மையை எப்படிப் பார்ப்பது? அக்கால மை மாசிக்காய்த் துவர்ப்பும் இரும்பு உப்பும் சேர்த்துச் செய்தது. எழுதியபோது கறுத்து, காலப்போக்கில் பழுப்பாகி, தாளின் நாருக்குள் இறங்கியிருக்கும். அழுத்தமான இடங்களில் மறுபக்கம் வரை தெரியும், சுற்றிலும் லேசான மஞ்சள் வளையம் இருக்கும். 365 நானோமீட்டர் புறஊதா விளக்கில் ஒளிராமல் கருப்பாக நிற்கும். ஆனால் பழைய முறையில் இன்றைக்கும் அதே மையைக் காய்ச்ச முடியும் என்பதால் இது மட்டும் போதாது. மடிப்பைப் பாருங்கள். 1862-இல் எழுதும்போது நோட்டு புதிது. மடிப்பு பிறகு விழுந்தது, ஆகவே மடிப்பின் முகட்டில் மை உதிர்ந்து கோடு அறுந்திருக்கும். இன்று எழுதினால் ஏற்கெனவே உடைந்த நாருக்குள் மை பாய்ந்து மடிப்பு நெடுகச் சிறு கசிவாகப் பரவும். இந்த ஒரு சோதனை, முப்பது மடங்கு லென்ஸின் கீழ், வேறு எதையும்விட அதிக போலிகளைக் காட்டிக்கொடுக்கும். அழுக்கும் அப்படியே: பழைய எழுத்துக்கு மேல் அழுக்கு படிந்திருக்கும், புதிய எழுத்து அழுக்குக்கு மேல் உட்கார்ந்திருக்கும். முத்திரைக்கும் லென்ஸ் வையுங்கள். அச்சு எழுத்தின் விளிம்பில் மை பிதுங்கி, நடுவில் மெலிந்திருப்பது இயல்பு. பல வண்ணச் சிறு புள்ளிகள் தெரிந்தால் அது கணினி அச்சு.

இன்னொரு கிளையும் இருக்கிறது, இதைத் தேடுவோர் குறைவு. 1863 மார்ச் 23 சட்டப்படி, ஏப்ரல் 6 தேதியிட்டு வந்த நோட்டுகளின் முகப்பில், வெளியான மாதமும் ஆண்டும் சிவப்பில் மேலச்சாக ஏறின. டி-56 முதல் டி-60 வரை, அதாவது 100, 50, 20, 10, 5 டாலர் தாள்கள். இவற்றை வெளியான மாதத்தின் முதல் தேதியிலிருந்து ஓராண்டுக்குள் கொடுத்தால் 6 சதவீதக் கடன்பத்திரமாக மாற்றலாம், தாண்டினால் 4 சதவீதம்தான். புழக்கத்தில் பெருகிய தாளை மக்கள் தாமாகவே திருப்பித் தர வைக்கும் முயற்சி அது. மாதம் தெரியாமல் அந்தக் கணக்கு ஓடாது, அதனால் முத்திரை. மதிப்புக்கு ஒன்று, மாதத்துக்கு ஒன்று என்று கட்டம் போட்டு நிரப்பிக்கொண்டு போகலாம். பெயர் ஆராய்ச்சி பிடிக்காதவர்களுக்கு இது நல்ல வழி. இங்கே கெடுவது இரண்டு விஷயம். சிவப்பு மை வெளுத்து மாதம் படிக்க முடியாமல் போவது, தாள்களைக் கத்தரியால் வெட்டிப் பிரித்தபோது ஓரம் கோணிப்போவது. மாதப் பெயர் முழுதாகத் தெரியாத நோட்டை இந்தத் தொகுப்புக்காக வாங்காதீர்கள்.

1864 பிப்ரவரி 17 சட்டம் இந்தக் கணக்குகளையெல்லாம் புரட்டிப்போட்டது. 5 டாலருக்கு மேற்பட்ட பழைய நோட்டுகள் கடன்பத்திரமாக மாறாவிட்டால் மூன்றில் ஒரு பங்கு மதிப்பை இழந்தன. புதிய நோட்டு வேண்டுமென்றால் மூன்று பழையதுக்கு இரண்டு புதியது. ஏழு-முப்பதுகளை மட்டும் அரசு பாக்கிக்கு வாங்குவதை நிறுத்தி, கடன்பத்திரமாகவே கருதுவோம் என்றார்கள், வட்டி தொடர்ந்தது. கடையில் செல்லாத, பெட்டியில் வட்டி சேரும் தாள் என்றானதால் மக்கள் மடித்து வைத்துவிட்டார்கள். இன்றைக்கு டி-40, டி-41 நல்ல நிலையில் நிறையக் கிடைப்பதற்கும், இரண்டு வட்டி முத்திரைகள் அருகருகே இருப்பதற்கும் இந்த வரலாறு காரணம்.

வாங்கும்போது எதற்குக் காசு கொடுக்கலாம்? என் வரிசை இது. அடையாளம் காணப்பட்ட அதிகாரி, முழுத் தேதி, படிக்கத் தெளிவான கை மூன்றும் இருந்தால் தாள் கொஞ்சம் தளர்ந்திருந்தாலும் வாங்கலாம். அடுத்து அரிய ஊரின் தெளிவான முத்திரை. அதற்கடுத்து எழுத்துள்ளது ஆனால் யாரென்று தெரியாதது. இதில்தான் உழைப்புக்குப் பலன் கிடைக்கும், ஏனென்றால் விற்பவர் படிக்காத பெயருக்கு விலை வைப்பதில்லை. கடைசியில் வெறும் முதுகுள்ள மொறமொறப்பான தாள். தரமிடும் நிறுவனங்கள் நோட்டை வைத்துத் தரும் உறையில் உள்ள தர எண்ணை மட்டும் நம்பி வாங்காதீர்கள்; பின்பக்க எழுத்தைச் சில வேளை குறையாகக் குறித்திருப்பார்கள், ஏழு-முப்பதுகளில் அது குறையே இல்லை. பின்பக்கப் படம் அனுப்பாத விற்பனையாளரிடம் எவ்வளவு மலிவானாலும் வாங்க வேண்டாம்.

பாதுகாப்பில் முதல் எதிரி ஈரம். இரும்பு மையில் அமிலம் இருக்கிறது. ஈரம் பட்டால் கரையும் இரும்பு சுற்றியுள்ள தாளுக்குப் பரவி அங்கேயும் அரிக்கும். நோட்டைக் கழுவுவது, நீராவி காட்டி இஸ்திரி போடுவது, வெளுப்பது எல்லாம் எழுத்தைக் கொல்லும் வேலை. பிவிசி உறை கூடாது, ஒட்டும் டேப் கூடாது, லாமினேஷன் கூடவே கூடாது. தெளிவான பாலியெஸ்டர் உறை, இருட்டு, ஒப்பு ஈரப்பதம் 45 முதல் 50 சதவீதம் போதும். மை அரித்துத் தாள் விரிசல் விட்டிருந்தால் மடக்காமல், கெட்டியான அமிலமில்லா அட்டையின் மேல் வைத்து உறையிலிடுங்கள். ஒட்டுவதைத் தாள் பாதுகாப்பாளரிடம் விடுங்கள்.

ஒவ்வொரு நோட்டுக்கும் ஒரு பதிவு வைத்துக்கொள்ளுங்கள். வகை எண், வரிசை எண், அச்சுத் தகட்டைக் குறிக்கும் எழுத்து, முன்பக்கத் தேதி, இரண்டு கையொப்பம், நீரடையாளம், இஷ்யூ வரிகள் எழுத்துக்கு எழுத்து அப்படியே, முத்திரையின் ஊரும் ஆண்டும், கோப்பில் எங்கே ஒப்பிட்டீர்கள் என்ற விவரம். டி-41-இல் சி.எஸ்.ஏ. (கான்ஃபெடரேட் ஸ்டேட்ஸ் ஆஃப் அமெரிக்கா) எழுத்துகளோ, இங்கிலாந்தின் வூக்கி ஹோல் ஆலையான ஹாட்ஜ்கின்சன் பெயரோ நீரடையாளமாக வரும்; வெளிச்சத்துக்கு எதிரே பிடித்தால் தெரியும். படிக்க முடியாத எழுத்தை ஊகித்து நிரப்பாமல் சதுர அடைப்புக்குள் புள்ளி வைத்து விடுங்கள். அடுத்து வாங்குபவருக்கு உங்கள் ஊகம் உண்மையாகப் போய்ச் சேர்ந்துவிடக் கூடாது.

உங்கள் கையில் இருக்கும் ரயில் நோட்டில் முதலில் நீராவியைப் பார்த்து வகையை முடிவு செய்யுங்கள். பிறகு இரு பக்கமும் ஸ்கேன், முன்தேதி, பின்தேதி, முத்திரை ஆண்டுகள் மூன்றையும் வரிசையாக எழுதிப் பொருந்துகிறதா என்று பார்ப்பது. பொருந்தினால் பெயருக்குப் பின்னால் உள்ள சுருக்கத்தை எடுத்துக்கொண்டு எம்331-ஐத் திறக்கலாம்.